நீ தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டவன் எழுதுவது

பாபு,

வியாழக்கிழமை நீ போனில் கேட்டதற்கு இது பதில். வண்டி பத்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, அதற்கப்புறம் சூடு காட்டும் முள் ஏறுகிறது, நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது, முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது என்றாய். "ரேடியேட்டர் புச்சு, பம்பு புச்சு, ஓஸு எல்லாம் புச்சு. அப்பவும் ஹீட்டாவுது நைனா" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தண்ணி ரெண்டு வாட்டி பாத்துட்டேன். இந்த வாட்டி மறக்கல" என்றாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. முப்பது வருடம் அரசாங்க ஜீப் ஓட்டியவன் நான். நீ சொல்லி முடிப்பதற்குள் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. என் வாயை அடைத்தது உன் கடைசி வாக்கியம். நீ பதிமூன்று வயதில் மறந்தாய் என்று நான் நம்பவைத்த ஒன்றை, இருபத்தொன்பது வயதில், இந்த முறை மறக்கவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்கிறாய். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறாய். நெருப்பு சம்பந்தப்பட்ட எதையும் தொடவே இல்லை. எஞ்சின் சூடாகிறது என்றால் தண்ணீர்ப் பக்கம்தான் கோளாறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிளக்கில் பொறி விழ வேண்டிய நேரத்தில் விழாமல் கொஞ்சம் பிந்தி விழுந்தாலும் அதே சூடுதான் வரும். பெட்ரோல் எரிந்து வண்டியைத் தள்ளுவதற்குப் பதில் எஞ்சினையே சுட்டுக்கொண்டிருக்கும். அப்போது நீ புது ரேடியேட்டர் ஒன்றல்ல, மூன்று மாட்டினாலும் முள் இறங்காது. அடையாளம் இருக்கிறது. மேடு ஏறும்போது வண்டி சோம்பும், ஆக்சிலேட்டரை மிதித்தால் முனகும், புகைக்குழாயில் பட் பட் என்று சத்தம் வரும். இந்த மூன்றும் இருக்கிறதா என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருக்கும்.

வண்டி சூடாகி நின்றதும் பானெட்டைத் திறந்து தண்ணீரைத் தேடாதே. ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல். பொறி நீலமாக, சுருக்கென்று விழ வேண்டும். மஞ்சளாக, சோர்ந்து விழுந்தால் காயிலையும் கண்டன்சரையும் சந்தேகப்படு. கண்டன்சர் விரல் நுனி அளவு சாமான்தான். சூடானால் செத்துப்போய், ஆறினால் உயிரோடு வரும் வேலையை அது நன்றாகச் செய்யும். நீ முக்கால் மணி நேரம் காத்திருப்பது அநேகமாக அதற்காகத்தான். கடைசியாக, அந்தப் பொறியை நாலு பிளக்குக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதே, எஞ்சின் பக்கவாட்டில் நாலைந்து கறுப்பு வயர் முளைத்த மாதிரி, அதைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார். அசையக்கூடாது. அதன் கழுத்தில் ஒரு கிளாம்ப் உண்டு, அதில் ஒரே ஒரு போல்ட். அது இறுக்கமாக இருந்தால்தான் பொறி நேரத்துக்கு விழும். அது தளர்ந்தால் வண்டி ஓட ஓட டிஸ்ட்ரிபியூட்டர் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். பொறி பிந்தும். வண்டி கொதிக்கும்.

அந்த ஒரு போல்ட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த வருடம் ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். ஆபீஸ் ஏலத்தில் அந்த வெள்ளை அம்பாசிடரை எடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. சித்தூரில் நம் தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பூஜை அன்று காலையில் நானே வண்டிக்கு சர்வீஸ் பார்ப்பது வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயிண்டைத் தேய்த்து, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் கேட்டுக் கேட்டுத் திருப்பி, சத்தம் சீரானதும் இறுக்குவேன். எந்த மெக்கானிக்கும் என் காதுக்கு ஈடில்லை என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன். "ஆமாமா, நான் கூப்புட்டா மட்டும் காது கேக்காது" என்பாள். அன்றைக்கும் சத்தம் சீராகிவிட்டது. போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பானரால் இறுக்க வேண்டிய நேரத்தில் அவள் வந்து நின்றாள். ராகுகாலம் வருவதற்குள் பூஜையை முடிக்க வேண்டும், சாமான்களைக் கொடு என்றாள். ஸ்பானர், திருப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பலகையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாள். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் விஜயதசமியன்று திரும்ப ஒரு பூஜை போட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பானர் கேட்கலாம்தான். அங்கேயும் பூஜை. இருபத்திநாலு மணி நேரம்தானே, வண்டி எங்கேயும் போகப்போவதில்லை, நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு நெஞ்சு வலித்தது. தோளிலிருந்து தாடை வரை இழுக்கிறது என்றாள். வேர்த்துக் கொட்டியது. இங்கே பார்த்த டாக்டர் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, உடனே திருப்பதிக்குப் போங்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். வாசலில் கார் நிற்கிறது சார் என்று சொன்னேன். அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தேன், நீ அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். வண்டியின் மூக்கில் முந்தின நாள் பூமாலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பூஜைப் பலகை நினைவுக்கே வரவில்லை. ஒரு ஸ்பானர்கூட இல்லாமல் ஊரைத் தாண்டினேன்.

பாகாலா கூட்ரோடு நெருங்கும்போது முள் சிவப்பில் நின்றது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை, முனகியது, புகைக்குழாய் பட் பட் என்றது. மேலே எழுதினேனே, அந்த மூன்று அடையாளமும் என் காதில் விழுந்தன. எந்த மெக்கானிக்குக்கும் இல்லாத காது எனக்கு. புளியமரத்தடியில் நிறுத்தி, முதலில் மாலையைப் பிய்த்து எறிந்தேன், காற்றை அடைக்கிறது என்று. அப்புறம் பெட்ரோல் பம்ப் சூடாகிவிட்டது என்று குடிக்க வைத்திருந்த கொஞ்சம் தண்ணீரில் அம்மாவின் துண்டை நனைத்து அதன்மேல் சுற்றினேன். அப்புறம் உன் பக்கம் திரும்பினேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது தினமும் உன் வேலை. "டேய், காலைல தண்ணி ஊத்துனியா?" என்று கத்தினேன். நீ மிரண்டுபோய், "ஊத்துனேன்னு நெனைக்கிறேன் நைனா" என்றாய். "நெனைக்கிறியா?" என்று இன்னொரு கத்தல். கேனைக் கையில் கொடுத்து, வயலுக்குள் தெரிந்த மோட்டார் ஷெட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவா என்று துரத்தினேன். நீ செருப்புகூடப் போடாமல் ஓடினாய்.

இதை நன்றாகக் கவனி. வண்டியில் எது கெட்டாலும் மனுஷன் கடைசியாகப் பார்ப்பது தான் கடைசியாகக் கைவைத்த இடத்தைத்தான். பிறத்தியார் வேலை எல்லாவற்றையும் சோதிப்பான். மாலை கட்டியவள் வேலை, தண்ணீர் ஊற்றியவன் வேலை, பெட்ரோல் பங்க்காரன் வேலை. என் கை அந்த டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமே போகவில்லை. போயிருந்தால் ஸ்பானர்கூட வேண்டியதில்லை. கையால் திருப்பி, வேலியில் கிடந்த கம்பியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தால் திருப்பதி போய்ச் சேர்ந்திருக்கலாம். நேற்று என் கை பட்ட இடம், அதில் தப்பு வராது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

நீ தண்ணீருக்குப் போயிருந்தபோது இரண்டு விஷயம் நடந்தது. ஒன்றை இப்போது சொல்கிறேன். பலமனேரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து பின்சீட்டைப் பார்த்தான். "ஏமண்டி, அம்மகாரினி நா பண்டிலோ கூர்ச்சோபெட்டண்டி. திருப்பதிகே போத்துன்னா" என்றான். அவளை முன்சீட்டில் உட்காரவைத்துத் திருப்பதிக்குக் கொண்டுபோகிறேன் என்று அவனாக வந்து கேட்டான். "அக்கர்லேது, ரெண்டு நிமிஷாலே" என்றேன். வேண்டாம், இரண்டே நிமிடம், எடுத்துவிடுவேன். அவன் போக மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்றான். கை காட்டி அனுப்பிவிட்டேன். என் பெண்டாட்டி என் காரில் போவாள், தக்காளி வேனில் போகமாட்டாள் என்று ஒரு வீம்பு. அந்த வேனின் பின்பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ திரும்பி வந்தபோது அது வளைவில் மறைந்துவிட்டிருந்தது. அப்படி ஒரு வேன் வந்ததே இன்று வரை உனக்குத் தெரியாது.

மிச்சம் உனக்குத் தெரியும். நீ கொண்டுவந்த கேன் முழுவதையும் ரேடியேட்டர் குடித்தது. இன்னொரு கேன் கொண்டுவந்தாய், அதையும் பாதி குடித்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். வண்டி ஆறிக் கிளம்பி, நாலு கிலோமீட்டர் ஓடி, திரும்ப நின்றது. கடைசியில் ஒரு பஸ்ஸை மறித்து அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தர் வெளியே வந்து, "ஒக கண்ட முந்தொச்சுண்டே" என்றார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால். அவர் முடிக்கவில்லை. நீ அந்த ஒரு மணி நேரத்தை உன் கணக்கில் எழுதிக்கொண்டாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரியம் நடந்த அன்று கங்காதர நெல்லூரிலிருந்து வந்த உன் மாமா, வண்டி ஏன் நின்றது என்று கேட்டார். தண்ணீர் இல்லை என்று சொன்னேன். யார் ஊற்றுவது என்று கேட்டார். நீயே முன்னால் வந்து, "நான்தான் மாமா" என்றாய். "ஒரு சொம்பு தண்ணி ஊத்த முடியலயாடா உனுக்கு? எங்க அக்காவக் கொன்னுட்டியேடா" என்று அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் கேட்டார். மொட்டைத் தலையோடு நின்றிருந்தாய். நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். அப்போது எனக்கு உண்மை தெரியாது என்று இதில் எழுதித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். முழுப் பொய் அது. முந்தின நாளே மெக்கானிக் மஸ்தான் வண்டியைக் கட்டி இழுத்துவந்து கொல்லையில் விட்டிருந்தான். பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரில் கையை வைத்தவன், "அண்ணா, இது கையிலயே சுத்துது" என்றான். நான் உள்ளே போய்ப் பலகையிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து கொடுத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவன் அரைச் சுற்றுத்தான் திருப்பினான். அரைச் சுற்று. "யாருகிட்டயும் சொல்லாத மஸ்தான்" என்றேன். அவன் இன்றுவரை சொல்லவில்லை. அதற்கப்புறம் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அது ஏன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய்.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பத்தாம் கிளாஸ் பரீட்சை முடியட்டும் என்றேன். வேலை கிடைக்கட்டும் என்றேன். நடுவில் நீ ஆளே மாறிவிட்டாய். காஸ் மூடினோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்ப்பாய். பஸ்ஸில் போனாலும் இரண்டு பாட்டில் தண்ணீர் சுமப்பாய். ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் சேர்ந்த புதிதில் போன் பண்ணி, "ஷிப்டுக்கு ஒரு வாட்டி கூலன்ட் பாத்தா போதும் நைனா, நான் மூணு வாட்டி பாக்கறேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்ன மெச்சிக்கினாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாய். அப்புறம், "சோறு துன்னியா?" என்று கேட்டாய். துன்னேன் என்று பொய் சொன்னேன். என் பொய்யின் மேல் நீ ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருந்தாய். உன்னைப் பொறுப்பான பையன் என்று ஊர் மெச்சும்போதெல்லாம் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

இப்போது கல்யாணம். இன்னும் பதினெட்டு நாள். பதினாறு வருடம் தார்ப்பாயின் கீழ் கிடந்த அதே அம்பாசிடரை எடுத்துப்போய்ச் சரிபண்ணி, தாலி கட்டிய கையோடு அந்தப் பெண்ணை அதில் ஏற்றிச் சித்தூருக்கு அழைத்துவர வேண்டும் என்கிறாய். அம்மா இல்லாவிட்டாலும் அம்மா படுத்துவந்த சீட்டாவது இருக்கட்டும் என்றாய். ஒரு வகையில் நீயும் என் தப்பையே தலைகீழாகச் செய்திருக்கிறாய். நான் என் கை பட்ட இடத்தைப் பார்க்கவில்லை. நீ உன் கை பட்ட இடத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதனால்தான் எல்லாச் சாமானும் புதிதாக இருந்தும் வண்டி கொதிக்கிறது. அந்தப் பெண்ணிடமும் இப்படியே இருப்பாய் என்று எனக்குப் பயம். பால் பொங்கினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், நீ முதலில் உன்னையே குற்றவாளியாக நிறுத்துவாய். அவள் கோபத்தில் கேட்பதற்கெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டு நிற்பாய். வேண்டாம் பாபு. தப்பு உன்னுடையது என்றால் ஒத்துக்கொள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிப் பழகு. அதைச் சொல்லத் தெரியாதவனாக உன்னை ஆக்கியவன் நான்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் அது இன்னொரு வேலையை உன் தலையில் கட்டுவது மாதிரி. எழுதவில்லை. உன் மாமாவுக்கு இன்று காலை போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு நான் வர வேண்டுமா என்பதை நீ முடிவு பண்ணு. வர வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். சரி, நைனா போல்ட்டை விட்டார், நான் தண்ணீரை விட்டேன், இரண்டும் சேர்ந்துதான் அம்மா போனாள் என்று பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வாய். ஒன்றரைக் கேன் தண்ணீரை ரேடியேட்டர் குடித்ததைப் பார்த்தேனே என்பாய். அதனால்தான் அந்த இரண்டாவது விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன். நீ மோட்டார் ஷெட்டுக்கு ஓடியதும் நான் பொறுக்கமாட்டாமல் ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். என் வலது முன்கையில் இருக்கிற தழும்பு அப்போது வந்தது. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்து அழுவாய், என்னால்தான் நைனாவுக்குச் சுட்டது என்று. காலி ரேடியேட்டரைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி வரும், அவ்வளவுதான். அன்றைக்குக் கழுத்து வரை நிறைந்திருந்த தண்ணீர் கொதித்துப் பீறிட்டு என் கையில் கொட்டியது, கீழே ரோட்டில் ஓடியது. நீ வந்தபோது காலியாக இருந்தது, நான் திறந்து கொட்டிவிட்டதால். நீ வருவதற்குள் ரோடு காய்ந்துவிட்டது.

நான் கையை உதறிக்கொண்டு உன்னைத் திட்டியபோது பின்சீட்டிலிருந்து அவள் கூப்பிட்டாள். பேச்சு விட்டு விட்டு வந்தது. கடைசியாக அவள் முழுதாகச் சொன்னது இதுதான். "இன்னாயா புள்ளயப் போயி கேக்கற? காலைல ஊத்துனான். ஜன்னல்லேர்ந்து நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அவன்கிட்ட சொல்லு, நீ ஊத்துனடான்னு சொல்லு."

சொல்லுகிறேன் என்று அவளிடம் தலையாட்டினேன். நீ ஊற்றினாய், பாபு. அம்மா பார்த்தாள்.

நைனா